சொற்களிடம் யாரும் தகப்பன் பெயர் கேட்கவில்லை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வரைபட அறையில் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் இடம் காலியானது. விண்ணப்பித்தேன்.

2. என் சென்னைச் சான்றிதழில் உள்ள பெயரும் என் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒரே ஆளுடையவை அல்ல என்று அலுவலகம் சொன்னது.

3. இரண்டும் நான்தான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் அனுப்பும்படி இராயபுரத்தில் இருக்கும் அப்பாவுக்கு எழுதினேன். என் கல்யாணத்திலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

4. பதிலுக்குக் காத்திருந்த வாரங்களில், ஆங்கிலத்துக்குள் வந்த இத்தாலியச் சொற்களைப் பற்றி எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஒரு சொற்பொழிவு தயாரித்தார். அதற்கான அட்டவணையைப் பெரிய எழுத்தில் நான் எழுதினேன்.

5. சொற்பொழிவு நடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

6. அப்பாவின் பத்திரம் வந்தது.

நான்காவதும் ஐந்தாவதும் மற்றவற்றோடு ஒட்டாதவைபோலத் தோன்றும். என்னை அதிகம் அறுத்தவை அவைதாம். ஆகவே அவற்றுக்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரை ஊர். தூர்வாரும் கப்பல்களும் பாரந்தூக்கிகளும் செய்கிறார்கள். என் கணவர் வேலாயுதம் ஆற்றின் அக்கரையில் ஃபிட்டர். நான் இக்கரையில் டிரேசர். டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலால் வரைந்ததன்மேல் கஞ்சி போட்ட மெல்லிய துணியை விரித்து, மையால் நகலெடுப்பது டிரேசரின் வேலை. படம் தவறாக இருந்தால் தவறாகவே நகலெடுக்க வேண்டும். படத்தின் கீழ்மூலையில் இரண்டு கட்டங்கள் இருக்கும். 'வரைந்தவர்' என்பது ஒன்று, 'நகலெடுத்தவர்' என்பது மற்றொன்று. இங்கே வந்த நாள்முதல் நான் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறேன். முதல் கட்டத்துக்குப் போக வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

இராயபுரத்தில் நான் முதல் கட்டத்தில் இருந்தவள். யுத்தம் வந்து ஆண்கள் பட்டாளத்துக்குப் போனதால் துறைமுகத்து வரைபட அறையில் பெண்களையும் எடுத்தார்கள். கயிறும் தாரும் பாய்த்துணியும் விற்கும் மொத்தக் கடை அப்பாவுடையது. சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். இராயபுரத்தில் எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வில், எந்திர வரைபடம் ஹையர் கிரேடில், நான் தேறியபோது அவர் கடைக்கு வந்த கப்பல்காரர்களிடமெல்லாம், "எம் மவ எஞ்சின் படம் போடுதா, ஆம்பளையாளு போடுத மாதிரி" என்றார். நூல்கண்டு வாங்க வந்தவர்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

வேலாயுதம் அப்போது துறைமுகப் பட்டறையில் இருந்தார். ஒரு நாள் என் படத்தைச் சுருட்டிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"இன்னாம்மே, நீ போட்ட படத்துல இந்த போல்ட்டு நல்லாத்தான் கீது. ஆனா ஸ்பேனர் உள்ள பூர்றதுக்கு எடம் எங்க கீது?"

இடம் இல்லைதான். திருத்தினேன். அதன்பிறகு தவறு இல்லாத படங்களையும் தூக்கிக்கொண்டு அவர் வர ஆரம்பித்தார்.

எங்கள் கல்யாணம் ஒரு தொழிற்சங்கக் கூடத்தில் நடந்தது. ஐயர் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றிக்கொண்டோம், ஒரு நீண்ட சொற்பொழிவு கேட்டோம், எல்லோருக்கும் சோடா கொடுத்தோம். சாதி வேறு என்பதைக்கூட அப்பா எப்போதாவது பொறுத்திருப்பார். அவரிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை என்பதைப் பொறுக்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கூடாது என்று சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை. இதை நான் இன்றும் தவறென்று நினைக்கவில்லை.

இனி பெயர். நமக்கு இதில் புதிர் எதுவும் இல்லை. படிக்கும்போது அப்பா சுடலைமுத்துவின் எழுத்து: எஸ். தனபாக்கியம். கல்யாணத்துக்குப் பின் கணவரின் எழுத்து: வி. தனபாக்கியம். பாஸ்போர்ட்காரர்கள் எழுத்தை விரித்துப் பின்னால் போட்டார்கள்: தனபாக்கியம் வேலாயுதம். நம் ஊரில் ஒரு தபால்காரரும் இதில் குழம்பமாட்டார்.

ஆள்சேர்ப்புப் பிரிவில் மிஸ் டாட் என்ற நடுவயதுப் பெண்மணி இருக்கிறார். இந்த ஊரில் முன்பின் தெரியாதவரைக்கூடச் செல்லமாகத்தான் கூப்பிடுவார்கள். நம் பேச்சில் சொன்னால் 'கண்ணு'.

"எஸ். என்பது என்ன, கண்ணு?"

"என் அப்பா பெயரின் முதல் எழுத்து."

"அப்படியானால் தனபாக்கியம் உன் குடும்பப் பெயர்."

"இல்லை. அது என் பெயர். குடும்பப் பெயர் எங்களுக்குக் கிடையாது."

"எல்லோருக்கும் இருக்கும், கண்ணு. தேடிப் பார்த்தால் கிடைக்கும்."

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சான்றிதழ், தனபாக்கியம் என்ற குடும்பத்தைச் சேர்ந்த யாரோ ஒரு பெண்ணுடையது. பாஸ்போர்ட், வேலாயுதம் குடும்பத்தைச் சேர்ந்த எனக்குரியது. "உன் நாத்தனாரோ?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்கு உதவி செய்யத்தான் அப்படி ஒரு வழி யோசித்தார். திருமணப் பதிவுப் பத்திரம் இருந்தால் போதும் என்றார். மாலைக்கும் சோடாவுக்கும் பத்திரம் கிடையாது. அப்படியானால் தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா, அவர் உறுதிமொழி கொடுக்கட்டும் என்றார்.

அன்று மாலை வேலாயுதத்திடம் சொன்னேன்.

"அய்ய! எஸ்ஸோ வீயோ, கோடு போடறது கைதானே? கையை நீட்டிக் காட்ட வேண்டியதுதானே அந்தம்மாவாண்ட."

"காட்டினால் கை ரேகை பார்த்துச் சொல்லுவாங்க, நான் யாருன்னு."

"பார்த்தா நல்லதுதான். எனக்கும் ரொம்ப நாளா டவுட்டு" என்றார். சிரித்துவிட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது சிரிப்பு இல்லை. 'அன்புள்ள அப்பா' என்று எழுதிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

தலைமை டிராஃப்ட்ஸ்மேன் திரு. ஹார்கிரீவ் யுத்தத்தில் இத்தாலியில் இருந்தவர். வெறுப்போடு திரும்பி வந்தவர்கள் பலர். இவர் அகராதியோடு திரும்பினார். தொழிலாளர் மன்றத்தின் மாதாந்திரச் சொற்பொழிவு இந்த முறை அவருடையது. "அறையிலேயே அழகான எழுத்து உங்களுடையது" என்று சொல்லி, அட்டவணையை எழுதித் தரக் கேட்டார். அந்தக் காலி இடத்துக்குப் பெயர் பரிந்துரைப்பவரும் அவர்தான். சரி என்றேன்.

அவர் கொடுத்த சொற்களைத் தொழிற்சாலை நூலகத்துப் பெரிய அகராதியில் சரிபார்த்து எழுதினேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலேரியா என்பது இத்தாலியில் கெட்ட காற்று. கொசுவைக் கண்டுபிடித்தபின்னும் பெயரை யாரும் திருத்தவில்லை. குவாரன்டைன் என்பது நாற்பது நாள்: கப்பல்களை வெனிஸ் துறைக்கு வெளியே காக்கவைத்த கெடு. அம்பிரெல்லா குட்டி நிழல். பாங்க்ரப்ட் என்பது உடைந்த பெஞ்சி, வட்டிக்கடைக்காரர் உட்கார்ந்த பெஞ்சி. பாலட் என்பது வாக்களிக்கப் போட்ட சிறு உருண்டை. இன்ஃப்ளூயன்ஸா நட்சத்திரங்களின் பாதிப்பு. டிட்டோ என்றால் 'சொல்லப்பட்டது'. நம் பத்திரங்களில் எழுதும் 'மேற்படி' இதுவேதான். வேறு வேறு ஊர் வியாபாரிகள் ஒரே சோம்பலுக்கு ஒரே வழி கண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அட்டவணையில் மூன்று பத்திகள் போட்டேன். முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து இத்தாலிச் சொல்லும் பொருளும். மூன்றாவது, அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது என்பது. அகராதியில் அதுவும் இருந்ததால் எழுதினேன். மாகஸீன் அரபியில் கிடங்குகள். டாரிஃப் அரபியில் அறிவிப்பு. ஜீரோ இத்தாலிக்கு அரபியிலிருந்து போனது. அரபிச் சொல் நம் நாட்டுச் 'சூன்ய'த்தின் மொழிபெயர்ப்பு. அந்த அரபிச் சொல்லைத்தான் நாம் சைபர் என்று இன்றும் கணக்கில் சொல்கிறோம். இதை மையில் எழுதியபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

ஹார்கிரீவ் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "பிரமாதம்" என்றார். பிறகு மூன்றாவது பத்தியின் மேல் விரலை வைத்தார்.

"இது வேண்டாம். இத்தாலியோடு நிறுத்திக்கொள்வோம். தேநீர் குடிக்க வருகிறவர்களுக்குக் குழப்பம் எதற்கு?"

இன்னொரு சொல்லையும் எடுக்கச் சொன்னார்: கெட்டோ. வெனிஸில் யூதர்களை அடைத்துவைத்த தீவின் பெயர். அங்கே முன்பு வார்ப்படச்சாலை இருந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். அதுவும் கூட்டத்துக்கு ஏற்றதில்லையாம்.

டிரேசிங் துணியில் மையை ரப்பரால் அழிக்க முடியாது. சவர பிளேடைப் படுக்கவைத்து மெல்லச் சுரண்ட வேண்டும். அழுத்தினால் துணி கிழியும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினால், அங்கே ஏதோ இருந்தது என்று எவருக்கும் தெரியாது. நான் அதில் கெட்டிக்காரி. மூன்றாவது பத்தியை மேலிருந்து கீழாகச் சுரண்டினேன்.

நகல் அச்சடிக்கும் அறையில் புரூனோ என்ற இத்தாலியர் வேலை செய்கிறார். யுத்தத்தில் பிடிபட்டு, சில வருடம் இந்தியாவில் கைதி முகாமில் இருந்தவர். காவலர்களிடம் கற்ற பத்துப் பதினைந்து இந்துஸ்தானிச் சொற்கள் அவரிடம் இருக்கின்றன. அதே சொற்கள் இராயபுரத்துத் தெருவில் வளர்ந்த என்னிடமும் இருக்கின்றன. ஆகவே ஆங்கிலத்தைத் தவிர எங்கள் இருவருக்கும் பொதுமொழி அதுதான். "ஜல்தி, ஜல்தி, சிஸ்டர்!" என்பார். படம் கோணலாக அச்சானால் நான் "கலீஜ்" என்பேன். அதற்கு அவர் நெஞ்சில் கை வைத்து வணங்குவார்.

அட்டவணையைக் காட்டினேன். உதட்டைக் குவித்துக்கொண்டு வாசித்தார்.

"ஃபியாஸ்கோ. பெருந்தோல்வி. எங்கள் ஊரில் இது வெறும் புட்டி, சிஸ்டர். இவர்கள் அதை எப்படித் தோல்வி ஆக்கினார்கள்?"

"காலிப் புட்டியாக இருந்திருக்கும்."

"அச்சா" என்றார், மிகுந்த யோசனையோடு.

எனக்கு ஒரு மகள். பெயர் செல்வி. பள்ளிக்கூடத்தில் சில்வியா. அந்தப் பெயரை வைத்தது டீச்சர். நான் ஆட்சேபிக்கப் போனேன். "அவளுக்குப் பிடித்திருக்கிறதே" என்றார் டீச்சர். கேட்டுப் பார்த்தேன், உண்மையாகவே பிடித்திருக்கிறது. நான் தமிழில் கேட்டால் அவள் இந்த ஊர் இழுவையோடு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அவள் அப்பா பேசும் இராயபுரத்துத் தமிழ் மட்டும் அவளுக்கு வேடிக்கை. "இன்னா?" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். அவளுடைய பள்ளிப் பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. சில்வியா, பின்னால் குடும்பப் பெயராக வேலாயுதம். எந்த மிஸ் டாட்டும் அவளிடம் எதையும் கேட்கப்போவதில்லை. அந்த நிம்மதிக்கு நான் என்ன கொடுத்திருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

சொற்பொழிவு சாப்பாட்டுக் கூடத்தில். கான்டீன் என்பதும் இத்தாலியிலிருந்து வந்ததே, அங்கே அது நிலவறை என்று தொடங்கினார் ஹார்கிரீவ். நன்றாகப் பேசினார். இங்கே இறைச்சிக்கு இன்னும் ரேஷன். சனங்கள் சிரிப்பதற்கு எது கிடைத்தாலும் விடுவதில்லை. உடைந்த பெஞ்சியைச் சொன்னபோது ஒரு பெஞ்சியைத் தட்டிக் காட்டினார். என் அட்டவணை அவருக்குப் பின்னால் தொங்கியது. முடிவில் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தச் சொற்களிடம் நாம் எங்கே பிறந்தாய், உன் தகப்பன் யார் என்று கேட்கவில்லை. உபயோகமாக இருந்தன, உள்ளே வந்தன. வாயில் நுழையாததைக் கொஞ்சம் திருத்திக்கொண்டோம். இன்று அவை நம்முடையவை. நம் மொழியின் பெருந்தன்மை இதுதான்."

கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து புரூனோ எழுந்தார். "ஐயா, நானும் உபயோகம். ஆனால் குடியிருக்கும் அறை மாறினால்கூட, அந்நியன் என்று போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்கிறேன். சொல்லாகப் பிறந்திருக்கலாம்."

கூடம் அதிரச் சிரித்தது. ஹார்கிரீவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததால் அது பதில் தேவைப்படாத விஷயமாகிவிட்டது. புரூனோ உட்கார்ந்தார். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

இந்தியச் சொற்கள் உண்டா என்று ஒரு பெண் கேட்டாள். "உண்டு, உண்டு. கறி, பங்களா. சிப்பாய்களின் பையில் வந்த சில்லறைச் சாமான்கள்" என்றார் ஹார்கிரீவ். பிறகு என்னைப் பார்த்து, "குழந்தைகளின் கிறிஸ்துமஸ் விருந்தில் நீங்கள் அந்தச் சொற்களைப் பற்றிப் பேசலாமே, வேடிக்கையாக இருக்கும்" என்றார். நான் 'காட்டமரான்' என்றேன், நம் கட்டுமரம். அது பசிபிக் தீவுகளுடையது என்று முன்வரிசையில் ஒருவர் திருத்தினார். இராயபுரத்துக் கரையில் காலையில் அதன்மேல் வலை காயும், உட்கார்ந்தால் பாவாடையெல்லாம் செதில் என்று சொல்லியிருக்கலாம். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக் குடித்தேன்.

எல்லோரும் போனபின் அட்டவணையைச் சுருட்டும்போது அவரிடம் நேராகக் கேட்டேன்.

"என் கைவேலையை இத்தனை வருடமாகப் பார்க்கிறீர்கள். அந்தத் தேர்வு எழுதியது நான்தான் என்று உங்களுக்குச் சந்தேகம் உண்டா?"

"கொஞ்சமும் இல்லை."

"அதை இரண்டு வரியில் எழுதிக் கொடுக்கலாமே."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "எனக்குத் தெரிந்தது வேறு, பத்திரம் வேறு. உங்கள் தகப்பனாரிடமிருந்து வரட்டும். வந்த அன்றே நான் கையெழுத்துப் போடுகிறேன்."

வந்தது. முத்திரைத்தாள், வக்கீல் கையொப்பம், ஆங்கில மொழிபெயர்ப்பு, எல்லாம் ஒழுங்கு. கூடவே என் தம்பி முத்தையாவின் குறிப்பு. தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் குமாஸ்தாவின் மேசைக்கு அப்பாவை அழைத்துப் போனவன் அவன்தான். அங்கே நடந்த பேச்சை அப்படியே எழுதியிருந்தான்.

குமாஸ்தா சொன்னாராம்: "இன்னா அண்ணாச்சி, பொண்ணு ஒண்ணுதானே? எயுத்துதானே மாறிகீது? ரெண்டும் ஒண்ணுன்னு ஒரு வரி எயுதினா வேலை முடிஞ்சிபூடும். எதுக்குப் பேஜார் பண்ற?"

அப்பா: "நான் சொல்லுததை எழுதும் வே. எஸ். தனபாக்கியம் எம் மவ. பரீட்சை பாஸானது நிசம். நாந்தான் பீஸ் கெட்டுனேன். அதை மறைச்சா பொய்யில்லா?"

"சரி, எயுதிக்கினேன். இந்த வி. தனபாக்கியம்?"

"தெரியாது."

முத்தையா குறுக்கே விழுந்து, "அப்பா, அக்காதானே அது" என்றிருக்கிறான்.

"எம் மவளா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பாலே. இது யாரோ."

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு, "அண்ணாச்சி, சீமையில பொண்ணுக்கு வேலை போய்டும்" என்றாராம். அப்பா பேனாவை எடுத்து அவர் கையில் திரும்பக் கொடுத்தாராம். பிறகு, "எழுதும்" என்றாராம்.

பொய் சொல்ல மாட்டேன் என்ற பிடிவாதத்தோடு அவர் கையெழுத்திட்ட பத்திரம் இப்படிச் சொல்கிறது: எஸ். தனபாக்கியம் என் மகள், இன்ன தேர்வில் தேறியவள். வி. தனபாக்கியம் என்ற பெயருடைய எவரையும் நான் அறியேன்.

அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். வேலாயுதம் அதைத்தான் சொன்னார்: "கொளுத்து அத்த. அந்த மனுசனுக்கு நெஞ்சுல தார் ஊத்திகீது." நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பாதி என் தேர்வுக்குச் சாட்சி, அதில் தேதியும் எண்ணும் இருக்கின்றன. யாராவது முதல் பாதியைப் பார்த்து யோசிப்பார்கள் என்று நம்பினேன். மிஸ் டாட் இரண்டு பாதியையும் படித்தார். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தாயா, கண்ணு. உன் தகப்பனாரே சொல்கிறார்."

பெண்ணைத் தேர்வுக்கு அனுப்பும் நம் ஊர்ப் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். சான்றிதழில் அவள் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். தகப்பன் பெயரையும் எழுத்தாகச் சுருக்காமல் முழுதாகப் போடச் சொல்லுங்கள். பிறகு அவளோடு சண்டை போட வேண்டுமானால் போடுங்கள்.

இப்போதைய நிலை இது. அந்த இடத்தில், இங்கேயே பயிற்சி முடித்த ஓர் இளைஞரை நியமித்துவிட்டார்கள். நல்ல பையன். அவர் வரைவதை நான் நகலெடுக்கிறேன். செப்டம்பரிலிருந்து தொழில்நுட்பப் பள்ளியின் மாலை வகுப்பில், எந்திர வரைபடம் முதல் ஆண்டில், சேர்ந்திருக்கிறேன். படிப்பு ஐந்து ஆண்டு. முதல் ஆண்டுப் பாடம் முழுவதும் எனக்குத் தெரியும். மற்ற மாணவர்களுக்குப் பதினாறு வயது. சேர்க்கைத் தாளில் என் பெயர் திருமதி வேலாயுதம். அப்பாவுக்கு நான் பதில் எழுதவில்லை.